எக்கோ பொருத்துவதில் எழும் ஐயங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகு. புதிதாக வாங்கிய எக்கோ சவுண்டரின் (ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் பகுதியை, பின்பலகையில் பொருத்தியிருக்கிறோம். எஞ்சினை நிறுத்தினால் தரை தெளிவாகத் தெரிகிறது. வேகம் எடுத்ததும் திரை முழுவதும் புள்ளி புள்ளியாகச் சிதறி, ஆழம் காட்டும் எண் மின்னத் தொடங்குகிறது. கருவியில் பழுதா? (ஒரு வாசகர், உவரி)

பதில்: நிற்கும்போது தரை தெரிகிறது என்றால் கருவி நலமாகவே இருக்கிறது, அதைக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தொல்லை கொடுப்பது காற்று. டிரான்ஸ்டியூசர் அனுப்பும் ஒலி கடல்நீரில் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் சென்று, தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்புகிறது. அதன் முகத்துக்கு நேர்கீழே காற்றுக்குமிழிகள் ஓடினால், ஒலி அங்கேயே சிதறிவிடுவதால் தரைவரை போய்த் திரும்ப வழியில்லாமல் போகிறது. ஆகவே குமிழி இல்லாத இடத்தைத் தேடுவதே பொருத்தும் வேலையில் முக்கால் பங்கு.

துளையிடுவதற்கு முன், ஒருவர் படகை ஓட்ட, மற்றொருவர் பின்பலகையை விட்டு நீர் எப்படிப் பிரிந்து போகிறது என்று பார்க்க வேண்டும். நுரைக்காமல், கண்ணாடிபோல வழுக்கிப் போகும் இடமே நமக்குரிய இடம். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் வரப்புகளுக்கும், பழைய ஒட்டுவேலை செய்த மேடுகளுக்கும் நேர்பின்னால் எப்போதும் குமிழி வரும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லராக இருந்தால், அதன் இலைகள் வலப்பக்கத்தில் கீழ்நோக்கி இறங்குகின்றன. அந்தப் பக்கத்தில், புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் தள்ளி டிரான்ஸ்டியூசரை வைப்பது நல்லது.

அடுத்தது உயரம். நேரான மரச்சட்டம் ஒன்றைப் படகின் அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பின்பக்கம் நீட்டினால், டிரான்ஸ்டியூசரின் முகம் அந்தச் சட்டத்தின் மேல்விளிம்பைவிட 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கினால் வருகிற கனம் ஏறத்தாழ அதுவே. ஓடும்போது தரை மறைந்தால் இன்னும் 3 மில்லிமீட்டர் இறக்குங்கள். பின்னால் நீர் பீய்ச்சியடித்தால் அளவு மீறி இறக்கிவிட்டீர்கள் என்று பொருள், சிறிது ஏற்றுங்கள். ஒரே நாளில் சரியாக அமைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இப்படி ஏற்றியும் இறக்கியும் பார்ப்பதற்காகப் பின்பலகையையே சல்லடையாக்கிவிடக் கூடாது. என் மைத்துனர் படகில் நானே அவசரப்பட்டு மூன்று முறை இடம் மாற்றித் துளையிட்டு, பழைய துளைகளைச் சரியாக அடைக்காமல் விட்டுவிட்டேன். ஃபைபருக்கு நடுவே இருந்த பிளைவுட்டில் உப்புநீர் ஏறி, மறு ஆண்டு அந்த இடத்தை விரலால் அழுத்தினால் நனைந்த ரொட்டிபோல உள்ளே போயிற்று. தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றை முதலில் நிலையாகப் பொருத்தி, சோதனைத் துளைகளையெல்லாம் அதிலேயே இட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கரையில் அலைக்குள் புகுந்து படகை மணலில் ஏற்றும்போது டிரான்ஸ்டியூசர் அடிபட்டு உடைந்துவிடுகிறது. படகின் உட்புறத்திலேயே ஒட்டிவிடலாம் என்கிறார்கள். அது சரிப்படுமா? (ஒரு வாசகர், கூத்தங்குழி)

பதில்: சரிப்படும், ஆனால் எல்லாப் படகுக்கும் அல்ல. ஃபைபர் மட்டும் கெட்டியாக இருக்கும் இடத்தின் ஊடே ஒலி போகும். நடுவில் மரமோ, மிதப்புக்காக அடைத்த நுரையோ இருந்தால் போகாது. ஒட்டுவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி உட்புறத் தரையில் வைத்து, அதன்மேல் டிரான்ஸ்டியூசரை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் அதைப் படகுக்கு வெளியே நீரில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் தரை ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிந்தால் அந்த இடத்தில் ஒட்டலாம். மெதுவாக இறுகும் எப்பாக்ஸியே வேண்டும். சிலிக்கோன் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். எப்பாக்ஸியைக் கலக்கும்போது நுரைக்கவிடாமல், டிரான்ஸ்டியூசரைத் திருகித் திருகி அழுத்தினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறிவிடும். ஒரு குமிழி தங்கினாலும் அது திரையில் தெரியும்.

இதில் இழப்பும் உண்டு. எதிரொலி சற்று மங்கும். வெப்பமானி உள்ள டிரான்ஸ்டியூசர் கடல்நீரின் வெப்பத்தைக் காட்டாமல் படகின் அடித்தளத்தின் வெப்பத்தைக் காட்டும். அடிபட்டால் மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும் பிராக்கெட் கிடைத்தால், நான் அதையே வாங்கச் சொல்வேன். அதையும் கரை நெருங்குமுன் கையால் மடக்கிவிடும் பழக்கம் வேண்டும். மணல் மடக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

கேள்வி: மீன் வரும்போது திரையில் முழு வளைவு வராமல் பாதி வளைவே வருகிறது. அதோடு, எக்கோ காட்டும் ஆழம் குண்டுக்கயிற்றில் அளந்ததைவிட ஒரு பாகம் (ஏறத்தாழ ஆறடி) குறைகிறது. எதை நம்புவது? (ஒரு வாசகர், இடிந்தகரை)

பதில்: டிரான்ஸ்டியூசர் அனுப்பும் ஒலி கீழே போகப்போகக் கூம்புபோல விரிகிறது. மீன் அந்த ஒலிக்கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரமாகவும், நடுவில் கிட்டவும், வெளியேறும்போது மறுபடி தூரமாகவும் இருப்பதால்தான் வளைவு விழுகிறது. எப்போதும் ஒரே பாதி மட்டும் தெரிந்தால் டிரான்ஸ்டியூசர் முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருக்கக்கூடும். படகு மணலில் இருக்கும்போது சாய்வைச் சரிபார்த்துப் பயனில்லை. ஆட்கள், வலை, ஐஸ் எல்லாம் ஏறியபின் அணியம் (படகின் முன்பகுதி) எவ்வளவு தூக்குகிறதோ, அந்த நிலையில் முகம் நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். நங்கூரமிட்டு நிற்கும்போது வளைவுக்குப் பதில் நீண்ட கோடு விழுவது இயல்பே.

ஆழத்தைப் பொறுத்தவரை, குற்றவாளி பெரும்பாலும் கயிறுதான். நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும்போது கயிறு 20 பாகை (டிகிரி) சாய்ந்தாலே, 20 பாகம் கயிறு போன இடத்தில் உண்மை ஆழம் 19 பாகத்துக்கும் குறைவு. நீவாடு தணிந்த நேரத்தில், சேற்றுத்தரையில் அளந்து பாருங்கள்; பார் (கடலடிப் பாறைத்திட்டு) விளிம்பில் அளக்க வேண்டாம். 20 பாகை விரியும் கூம்பு, 20 பாகம் ஆழத்தில் ஏறத்தாழ 13 மீட்டர் அகலத் தரையைப் பார்க்கிறது. அதற்குள் மேடு இருந்தால் அதன் ஆழத்தையே தரை என்று காட்டும், உங்கள் குண்டோ பக்கத்துப் பள்ளத்தில் கிடக்கும். இத்தனைக்குப் பிறகும் ஓரடி அளவு நிலையாகக் குறைந்தால், டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அளவை அமைப்பில் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேபிள் நீளமாக இருக்கிறது. வெட்டிச் சுருக்கலாமா? (ஒரு வாசகர், கூட்டப்புளி)

பதில்: வெட்டாதீர்கள். மிஞ்சியதை எட்டு வடிவில் சுருட்டிக் கட்டி, எஞ்சின் வயர்களோடு சேராமல் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோங்கள். முகத்தில் சிப்பி ஒட்டினால் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். கத்தியால் சுரண்ட வேண்டாம்.