சிறிய ஊர் நகராட்சிகள் உண்மையிலேயே சிறு வணிகர்களுக்குத் துணை நிற்கின்றனவா?

எங்கள் ஊரை வைத்துச் சொல்கிறேன். தென்மாவட்டத்தில் ஒரு நகராட்சி. அதன் கடைவீதியில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பாத்திரக்கடை. ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த ஆபீஸ் படியை நாளைக்கும் ஏற வேண்டியவன் நான்.

நகராட்சிக்குக் கடைக்காரன் மேல் வெறுப்பு கிடையாது, பெரிதாக அக்கறையும் கிடையாது. அவர்கள் பதிவேட்டில் கடை என்பது வசூலாக வேண்டிய ஒரு தொகை. சொத்து வரி, தொழில் வரி, தொழில் உரிமம், குப்பைக் கட்டணம், நகராட்சிக் கட்டிடத்தில் இருந்தால் வாடகை. மார்ச் 31க்குள் வசூல் இலக்கை முடித்தாக வேண்டும் என்பதால் பிப்ரவரி பிறந்ததும் பில் கலெக்டர் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். மற்ற மாதங்களில் கடையை நடத்துகிறோமா, இழுத்து மூடிவிட்டோமா என்று எட்டிப் பார்க்க ஆள் கிடையாது.

ஆதரவு என்றதும் எல்லோரும் கடன், மானியம் என்றுதான் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் நகராட்சி கையில் இல்லை. தொழில் தொடங்க மானியக் கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும். மின் கட்டணம் மின்வாரியத்தின் பாடு. தராசுக்கு முத்திரை போடுவது தொழிலாளர் துறை. ஊரின் பிரதான சாலையே பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையினுடையது. வரி விஷயத்திலும் பாதி முடிவு மேலிருந்துதான் வருகிறது. தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று அரசியலமைப்புச் சட்டமே வரம்பு கட்டியிருப்பதால் அது பெரிய வலி இல்லை. வலித்தது 2022இல் வந்த சொத்து வரி உயர்வு. பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது. ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. சென்னைக்கு வெளியே வணிகக் கட்டிடங்களுக்கு நூறு சதவீதம், அதாவது நேர் இரட்டிப்பு. அறிவித்தது மாநில அரசு, தீர்மானம் போட்டது நகர்மன்றம். கட்டிடம் நம்முடையது இல்லையே என்று நான் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஓனர் அதை வாடகையில் ஏற்றிவிட்டார்.

சரி, நகராட்சி தன் கையில் இருப்பதை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்கு தினசரிச் சந்தைக்கு வாருங்கள். சந்தையில் கட்டணம் வசூலிக்கும் உரிமையை நகராட்சி குத்தகைக்கு ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவரின் ஆள் ரசீதுப் புத்தகத்தோடு வரிசையாக வருவார். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கீரைக்கார அக்காவிடம் கிழித்துக் கொடுக்கும் சீட்டில் பத்து ரூபாய் என்று அச்சடித்திருக்கும். வாங்குவது இருபது. “சீட்டுல பத்துதானே தம்பி போட்டிருக்கு?” என்று அக்கா கேட்டால், “சாக்கை அகலமா விரிச்சிருக்கீங்கல்ல” என்பார். ஒருநாள் அக்கா, “இன்னும் போணியே ஆகலைப்பா, அப்புறம் வா” என்றார். வசூல் ஆள் ஒன்றும் பேசவில்லை. குனிந்து இரண்டு கட்டு அரைக்கீரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். சீட்டும் கிழிக்கவில்லை.

கட்டண விவரம் எழுதிய பலகை இல்லாமல் இல்லை. நுழைவாயில் சுவரில்தான் இருக்கிறது. அதன் முன்னால் எப்போதும் ஆள் உயரத்துக்குத் தக்காளிப் பெட்டி அடுக்கியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஆளைத் திட்டிப் பயனில்லை. ஏல முறையே அப்படி. ஏலத்தொகை ஏறினால் மன்றத்தில் அதை வருவாய்ப் பெருக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். குத்தகைதாரர் அந்தக் கூடுதல் தொகையைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கட்டப் போவதில்லை. சாக்கு விரித்தவர்களிடமிருந்து இருபதும் முப்பதுமாகத்தான் எடுக்க வேண்டும். ஆக, நகராட்சியின் வருவாய் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் ஊரிலேயே சின்ன வியாபாரியின் தலையில் இறங்குகிறது. எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்காவது வணிகர் சங்கம் இருக்கிறது, கமிஷனரைப் போய்ப் பார்க்கலாம். அந்த அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்?

சட்டப்படி பார்த்தால் இருக்க வேண்டும். 2014இல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம் நல்ல சட்டம். யார் எங்கே விற்கலாம் என்பதைப் பார்க்க ஊர்தோறும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. இடத்தைக் காலி செய்யச் சொல்வதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். காய்கறி போன்ற கெட்டுப்போகும் சரக்கைப் பறிமுதல் செய்தால், உரியவர் கேட்டு வந்த அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். எங்கள் சந்தையில் உட்காரும் யாரிடமாவது அந்தக் குழுவில் உங்கள் ஆள் யார் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.

அதே நகராட்சி ஒரு நேரத்தில் நன்றாகவே வேலை செய்ததையும் சொல்ல வேண்டும். 2020இல் கொரோனா முடக்கத்துக்குப் பிறகு சாலையோர வியாபாரிகளுக்கென்று மத்திய அரசின் ஸ்வநிதிக் கடன் வந்தது. முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, அப்புறம் 50,000 என்று அப்போது திட்டம். எங்கள் கடைக்கு எதிரே சூப் வண்டி போடும் தம்பிக்கு நகராட்சி ஊழியர்களே செல்போனில் விவரம் பதிந்து, பரிந்துரைக் கடிதம் கொடுத்து, பேங்க் வரைக்கும் துணைக்குப் போனார்கள். மேலே இருந்து இத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்தாக வேண்டும் என்று நெருக்கினார்கள் என்பது வேறு கதை. எப்படியோ, கந்துவட்டிக்குப் போகாமல் அவன் வண்டிக்குப் புது அடுப்பு வாங்கினான். கழுத்தில் மாட்டிக்கொள்ள வியாபாரி அடையாள அட்டையும் கிடைத்தது. பிறகு ஒரு திருவிழா சமயம் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வண்டியை எடுக்கச் சொன்னார்கள். அவன் அட்டையைக் காட்டினான். வந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது நாங்க கொடுத்ததுதான்பா, வண்டியை எடு” என்றார். அட்டையில் பெயர் இருந்தது, நிற்கும் இடம் எது என்று இல்லை.

என்னைக் கேட்டால், நகராட்சி கொடுக்கக்கூடிய நிஜமான ஆதரவு கால்வாய், கழிப்பறை, தெருவிளக்கு, பஸ் நிற்கும் இடம் இவைதான். எங்கள் தெருவில் ஒரு வருடம் ஐப்பசி பிறந்த கையோடு கால்வாய்க்குத் தோண்டினார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வரும் வியாபாரம்தான் எங்களுக்கு மூன்று மாத வாடகை. கடைக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு வைத்தோம். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் மேல் நடந்துவர எந்த அம்மாவுக்கு மனசு வரும்? குடமும் குக்கரும் வாங்குகிறவர்கள் பலகை இல்லாத தெருவுக்குப் போய்விட்டார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. நிதி அப்போதுதான் வந்தது, ஒப்பந்ததாரருக்கு அப்போதுதான் ஆள் கிடைத்தது. தீபாவளி எப்போது என்று அந்த ஃபைலில் யாரும் எழுதவில்லை.

மறுபக்கம், சந்தைக்குள் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டி, குழாயில் தண்ணீர் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். விடிகாலையிலிருந்து மதியம் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது எந்தக் கடனையும்விடப் பெரிய உதவி. இதைச் செய்யவைத்தது அந்த வார்டு பெண் கவுன்சிலர். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் அதிகாரிகள் மட்டும் நடத்திய காலத்தில் இப்படி ஒரு விஷயத்தை யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் இருந்தோம். கவுன்சிலர்களைக் கிண்டல் செய்கிறவர்கள் அந்தக் காலத்தை மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் கடை போடும் யோசனையில் இதைக் கேட்டிருந்தால், என்ன திட்டம் இருக்கிறது என்று விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தத் தெருவில் எந்த வேலைக்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றும் பேச்சு இருக்கிறதா என்று பொறியியல் பிரிவில் விசாரியுங்கள். நகராட்சிக் கடையை ஏலத்தில் எடுப்பதாக இருந்தால் ஏல நிபந்தனைத் தாளை முழுக்கப் படியுங்கள். இப்போது உள்ளே இருப்பவர் நிஜமான வாடகைதாரரா, உள்வாடகைக்கு இருப்பவரா, கோர்ட்டில் தடை ஏதும் வாங்கியிருக்கிறாரா என்று பக்கத்துக் கடையில் கேளுங்கள். ஏலத்தில் ஜெயித்துப் பணத்தையும் கட்டிவிட்டு, சாவி கைக்கு வராமல் அலைகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.