லயத்துக்குத் துப்பறிவாளர் எதற்கு?

கேள்வி: துப்பறியும் கதை எழுத ஆசை. வாசித்ததெல்லாம் லண்டன், சென்னை என்று நகரத்தில்தான் நடக்கின்றன. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள்; யார் வீட்டில் என்ன கறி என்பதுகூட எல்லாருக்கும் தெரியும். இங்கே எதைக் கண்டுபிடிப்பது? கதையைக் கொழும்புக்குக் கொண்டுபோகட்டுமா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: வேண்டாம் தங்கச்சி. (ஊரைப் பார்க்காமலும் எழுதலாம் என்பது வேறு விஷயம். 1841இல் எட்கர் ஆலன் போ எழுதிய துப்பறியும் கதை பாரிஸில் நடக்கிறது. அவர் பாரிஸுக்குப் போனதே இல்லை.)

நகரத்தில் குற்றவாளி தெருவில் இறங்கினால் கூட்டத்தோடு கூட்டமாகிவிடுவான். அதனால் அங்கே 'யார் அவன்?' என்பதே கேள்வி. தோட்டத்தில் அது காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் பொலிஸ் வந்து கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார். ஒருவருக்குத் தோட்டத்தை நடத்தும் துரைமேல் பயம், இன்னொருவர் சொந்தக்காரர், மற்றவர் நாளைக்கும் அதே பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

1892இல் வந்த 'காப்பர் பீச்சஸ்' என்ற ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், ரயிலில் போகும் வாட்சன் நாட்டுப்புற வீடுகளைப் பார்த்து ரசிக்கிறார். அவை தனித்தனியாக நிற்பதுதான் ஹோம்ஸை உறுத்துகிறது. நகரத்துச் சந்தில் ஒரு குழந்தை அலறினால் அக்கம்பக்கம் கொதிக்கும், இங்கே யார் காதில் விழும் என்கிறார். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். கேட்டும் ஏன் பேசவில்லை என்று உங்கள் கதை கேட்கட்டும்.

தடயத்துக்கும் பஞ்சமில்லை. யாருக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர் (அரைநாள்) என்று செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு சொல்லும். மலையில் இருந்தேன் என்பவள் மத்தியான நிறுவைக்கு வந்தாளா என்பதைக் கொழுந்துக் கணக்கில் பார்த்துவிடலாம். சரி, பேர் போடுகிறவரும் மனிதர்தானே, வராதவருக்கும் பேர் விழலாம். அப்புறம் தபால். லயத்துக்குத் தனி விலாசமில்லாமல், கடிதங்கள் தோட்ட ஆபீஸ் வழியாகக் கைக்கு வருவது நம் பக்கத்தில் பழைய குறை. அங்கேயே தங்கிவிட்ட ஒரு கடிதத்தை வைத்து நாவலே எழுதலாம்.

துப்பறிபவர் வெளியாள் என்றால் பேச்சு நின்றுவிடும். என்னைக் கேட்டால், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாவைப் போடுங்கள். பெற்றவர்கள் மறைப்பதைப் பிள்ளைகள் அங்கே வந்து கொட்டிவிடும்.

பனிமூட்டத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மலையகக் கதை என்றாலே முதல் வரியில் அதைத்தான் இறக்குகிறார்கள்.