ஆறு முட்டையும் நார்மல், நான் ஏமாந்துட்டேனா?

டல்லஸ்லருந்து ஒரு வாசகர்: சார், மூணு வருஷம் முன்னாடி ஒரு ரெப்டைல் ஷோவுல ஒரு ஜோடி பால் பைத்தான் (வீட்ல வளர்க்கற ஒரு வகை மலைப்பாம்பு) குட்டி வாங்கினேன். பாக்க ரெண்டும் சாதாரண பழுப்பு நிறம்தான், ஆனா ரெண்டுமே 'ஹெட் அல்பினோ', அதாவது அல்பினோ ஜீன் வெளிய தெரியாம உள்ள இருக்கு, ஜோடி போட்டா நாலுல ஒண்ணு வெள்ளையும் மஞ்சளுமா வரும்னு சொல்லி கூடுதலா விலை வாங்கினாங்க. இந்த வருஷம் ஆறு முட்டை, 58 நாள் காத்திருந்தேன், ஆறும் பொரிஞ்சுது, ஒண்ணுகூட அல்பினோ இல்ல. ஏமாத்திட்டாங்களா?

பதில்: அந்த 58வது நாள் எப்படி இருந்திருக்கும்னு எனக்கு தெரியும் சார். முட்டை ஓட்டுல மெல்லிசா ஒரு கீறல் விழும், அதுலருந்து கொழகொழன்னு திரவம் கசியும், அப்புறம் ஒரு குட்டி மூக்கு வெளிய எட்டிப் பாக்கும், அந்த மூக்கு வெள்ளையா பழுப்பான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டே உக்காந்திருப்போம். ஆறு தடவையும் பழுப்புன்னா மனசு விட்டுப் போகத்தான் செய்யும். ஆனா இத வச்சு மட்டும் வித்தவர குத்தம் சொல்லிட முடியாது.

தாயக்கட்டைய நினைச்சுக்கோங்க, ஒரு கட்டைக்கு நாலு பக்கம், அதுல ஒரு பக்கம்தான் 1. ஒரு கட்டைய மட்டும் ஆறு தடவ உருட்டினா ஒருதடவகூட 1 விழாமலே போகலாம் இல்லையா, உங்களுக்கு நடந்தது அதுதான். அல்பினோவா தெரியணும்னா அம்மாகிட்டருந்து ஒண்ணு அப்பாகிட்டருந்து ஒண்ணுன்னு கெட்டுப்போன ஜீன் காப்பி ரெண்டு சேரணும், ஹெட் பாம்புகிட்ட அது ஒண்ணுதான் இருக்கு, அத குட்டிக்கு குடுக்குமா குடுக்காதாங்கறது பூவா தலையா மாதிரி. ஒவ்வொரு முட்டைக்கும் புதுசா உருட்டணும், முதல் முட்டைல என்ன விழுந்துச்சுன்னு ரெண்டாவது முட்டைக்கு தெரியாது. ஒரு முட்டை அல்பினோ ஆகாம போக நாலுல மூணு வாய்ப்பு, ஆறும் ஆகாம போறதுக்கு அந்த நாலுல மூணை ஆறு தடவ பெருக்கினா கிட்டத்தட்ட 18% வருது. அதாவது நேர்மையா வித்த ஜோடி ஆறு பேர் வீட்ல இருந்தா அதுல ஒருத்தருக்கு இப்படி ஆகும். அடுத்த தடவையும் ஆறு முட்டை போட்டு, 12ம் நார்மல்னா அது 3% சமாச்சாரம், அப்ப சந்தேகப்படுறதுல நியாயம் இருக்கு.

ஆனா அதுக்காக இன்னொரு வருஷம் காத்திருக்க வேணாம். ரெண்டும் அடுத்து சட்டை உரிக்கும்போது அந்த பாம்பு சட்டைய தூக்கிப் போடாம தனித்தனி கவர்ல எடுத்து வைங்க, அமெரிக்காவுல அத வச்சே ஹெட்டா இல்லையான்னு டெஸ்ட் பண்ற லேப் இருக்கு. 2022ல மிச்சிகன்ல ஒரு ஆராய்ச்சிக் குழு, வளர்க்கறவங்க அனுப்பின சட்டைங்கள வச்சுத்தான் எந்த ஜீன் கெட்டா அல்பினோ வருதுன்னே கண்டுபிடிச்சாங்க. அதுல நமக்கு முக்கியமான விஷயம், 'லேவண்டர் அல்பினோ'ங்கறது வேற ஜீன். உங்க ஜோடில ஒண்ணு சாதா அல்பினோவுக்கு ஹெட், இன்னொண்ணு லேவண்டருக்கு ஹெட்னா நூறு முட்டை போட்டாலும் அல்பினோ வராது. வித்தவர் பொய் சொல்லாமலே இப்படி குழப்பம் நடக்கலாம், அதையும் கேட்டுப் பாருங்க.

அந்த ஆறு குட்டியையும் விக்கறதா இருந்தா ஒண்ணு சொல்லணும். பெத்தவங்க ரெண்டுமே ஹெட்டுன்னு உறுதியாச்சுன்னா நார்மலா தெரியற குட்டி மூணுல ரெண்டு ஹெட்டா இருக்கும், எது எதுன்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது. அதனால '66% பாசிபிள் ஹெட்'னுதான் எழுதி விக்கணும், வெறும் 'ஹெட்'னு எழுதக்கூடாது, வாங்கறவங்களும் உங்கள மாதிரியே மூணு வருஷம் தீனி போட்டு காத்திருக்கப் போறவங்கதான்.

ஹூஸ்டன் வாசகி: பைபால்டு, க்ளௌன்னு ரெண்டு நிற வகை இருக்கே, அந்த ரெண்டுக்கும் ஹெட்டா இருக்கற ஜோடி வச்சிருக்கேன். ரெண்டும் சேந்த ஒரு குட்டி கிடைக்குமா?

பதில்: இப்ப ரெண்டு கட்டையும் சேத்து உருட்டணும்மா, ரெண்டுலயும் 1 விழணும், 16ல ஒண்ணு. ஆறு முட்டைல ஒண்ணுகூட வராம போகத்தான் 68% வாய்ப்பு. ஜோடில ஒண்ணு மட்டும் ரெண்டும் சேந்து கண்ணுக்கே தெரியற 'விஷுவலா' இருந்தா நாலுல ஒண்ணா ஆயிடும், அதனால பணம் சேத்து நல்ல ஆண் ஒண்ணு வாங்கறது வருஷக்கணக்கா காத்திருக்கறதவிட மேல்.

லண்டன் வாசகர்: ஸ்பைடர்ங்கற நிற வகை பால் பைத்தான் ரெண்ட சேத்தா, ரெண்டு காப்பி ஜீனும் சேந்த 'சூப்பர் ஸ்பைடர்' வருமா?

பதில்: வராது, தயவுசெஞ்சு சேக்காதீங்க. பாஸ்டல்ங்கற நிற வகைல பாஸ்டலோட பாஸ்டல் சேத்தா நாலுல ஒண்ணு சூப்பர் பாஸ்டலா அழகா வரும், ஆனா ஸ்பைடர்ல ரெண்டு காப்பி சேந்த குட்டி உயிரோட வந்ததா யாரும் நிரூபிச்சதில்ல. ஒரு காப்பி இருக்கறதே தல ஆட்டத்தோடதான் வாழுது. எலிய குறி வச்சு பாயும்போது தல திருகிக்கிட்டு வேற பக்கம் போய் கடிக்கும், திரும்ப திரும்ப முயற்சி பண்ணும், பாக்கவே கஷ்டமா இருக்கும். 2022ல ஸ்கேன் பண்ணிப் பாத்தவங்க உள்காதுல சமநிலைக்கான பாகமே சரியா உருவாகலன்னு காட்டினாங்க. நார்மலோட சேத்தாக்கூட பாதி குட்டிக்கு இது போகும். என்கிட்ட கேட்டா ஸ்பைடர் ப்ரீட் பண்றதே வேணாம், இருக்கறத நல்லா பாத்துக்கோங்க.

நியூ ஜெர்சி வாசகர்: என்கிட்ட பனானாங்கற நிற வகை ஆண், நார்மல் பெண். ஏழு முட்டைல நாலு பனானா, நாலுமே பெண். மூணு நார்மல், மூணும் ஆண். தற்செயலா?

பதில்: இல்ல சார், உங்க ஆண் 'ஃபீமேல் மேக்கர்', அதாவது அதோட பனானா குட்டிங்க பெரும்பாலும் பெண்ணா வரும். பாம்புன்னாலே பறவை மாதிரி பெண்கிட்டதான் ரெண்டு வகை செக்ஸ் குரோமோசோம் இருக்கும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தாங்க, 2017ல பைத்தானுக்கும் நமக்கு மாதிரியே எக்ஸ், ஒய்ன்னு தெரிஞ்சுது. பனானா ஜீன் அந்த குரோமோசோம்லதான் உக்காந்திருக்கு. உங்க ஆணுக்கு அது அம்மாகிட்டருந்து எக்ஸ்ல வந்திருக்கு, எக்ஸ் மகளுக்குத்தான் போகும், அதான் பனானா எல்லாம் பெண். அபூர்வமா இடம் மாறி ஒரு ஆண் வரலாம். அப்பாகிட்டருந்து ஒய்ல வாங்கின பனானா ஆணா இருந்தா அப்படியே தலகீழ், மகன்கள்தான் பனானா.

உங்களுக்கு ஆண் பனானா வேணும்னா இந்த நாலு பெண்ல ஒண்ண வளத்து வேற வீட்டு நார்மல் ஆணோட சேருங்க, மகன்ல பாதி மகள்ல பாதி பனானாவா வரும். அடுத்த தடவ பனானா ஆண் வாங்கும்போது விலை கேக்கறதுக்கு முன்னாடி பனானா வந்தது அம்மாகிட்டருந்தா அப்பாகிட்டருந்தான்னு கேளுங்க.