குழிந்த இலவம்பஞ்சு மெத்தையும் இடுப்பு வலியும்

நாலு வருஷ இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழிந்து, காலையில் எழும்போது இடுப்பு வலிக்கிறது, புதிது வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் கட்டில் பலகையைப் பாருங்கள். நடுவில் வளைந்திருந்தால் 12 மி.மீ. ப்ளைவுட் போடுங்கள், இல்லையென்றால் எந்த மெத்தை வாங்கினாலும் அந்த வளைவில் குழியத்தான் செய்யும்.

பலகை சரியென்றால், பாரம் விழும் இடத்திலிருந்து பஞ்சு ஒதுங்கியிருக்கிறது. உறையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்து உதிர்த்து, கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். இடையிடையே குத்துத் தையல் கட்டாயம், அதுதான் பஞ்சை நகரவிடாமல் பிடிக்கிறது. தண்ணீரில் மட்டும் நனைக்காதீர்கள், கட்டிபட்டுவிடும்.

அப்படியும் புதிதுதான் என்றால், கீழே ரப்பர் சேர்த்த தென்னை நார், மேலே 2 அங்குல ஃபோம், மொத்தம் 6 அங்குலம் நல்ல தேர்வு. ஃபோமின் அடர்த்தியைக் கேளுங்கள்; கன மீட்டருக்கு 40 கிலோ இருக்கட்டும். அடர்த்தி குறைந்தால் சீக்கிரம் அமுங்கிப்போகும். முதுகுக்கு நல்லது என்று சொல்லி விற்கும் ‘ஆர்த்தோ’ என்ற பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். கடையிலேயே 10 நிமிடம் மல்லாந்து படுத்து, இடுப்புக்கடியில் கையை விட்டுப் பாருங்கள்: தாராளமாக இடைவெளி இருந்தால் மெத்தை உங்களுக்கு ரொம்பக் கடினம், நுழையவே இல்லையென்றால் ரொம்ப மெத்து.

வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்தாலோ டாக்டரிடம் போங்கள், மெத்தை பிறகு.