உண்ண மறுக்கும் முயல்: செல்லப்பிராணி கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். என் மகள் ஐந்து ஆண்டுகளாக வளர்க்கும் மைலோ என்ற ஆண் முயல் சென்ற மாதம் திடீரென்று உண்பதை நிறுத்தியது, புழுக்கையும் வரவில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் நாய், பூனை மட்டுமே பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். வேறொரு கிளினிக்கில் ஊசி போட்டு, மாவைக் கரைத்துச் சிரிஞ்சால் ஊட்டச் சொன்னார்கள், தேறியது. இப்போது மறுபடியும் உண்ண மறுக்கிறது. தாடையின் கீழே ஒரு வீக்கமும் தெரிகிறது. மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய்ப் பற்களைச் சீராக்க வேண்டும், வீக்கம் சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம் என்கிறார் மருத்துவர். மயக்க மருந்தைத் தாங்காமல் முயல் இறந்துவிடும் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். ஐம்பது வெள்ளிக்கு வாங்கிய முயலுக்கு இவ்வளவு செலவா என்று மாமியார் கேட்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே மின்னஞ்சலில் சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன், உண்ணாத முயல் இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்காது. இதே நிலையில் இருக்கக்கூடிய மற்ற வாசகர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நாய் ஒரு வேளை சாப்பிடாமல் படுத்திருந்தால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அதனால் கேடு வருவதில்லை. முயலின் உடலமைப்பு அந்தத் தாமதத்துக்கு இடம் கொடுப்பதில்லை. நார்ச்சத்து இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் அதன் குடல் ஒழுங்காக அசையும். பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரிய பையில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நாரைப் புளிக்கவைத்துத்தான் முயலுக்கு வேண்டிய சத்தில் ஒரு பங்கைத் தருகின்றன. உணவு நின்றால் குடல் மந்தமாகிறது, உள்ளே இருப்பது வறண்டு இறுகுகிறது, வாயு சேர்ந்து வயிறு வலிக்கிறது, அந்த வலியால் முயல் மேலும் உண்ண மறுக்கிறது. வாந்தி எடுத்து வயிற்றைக் காலி செய்யவும் அதனால் முடியாது. ஆகவே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உணவும் புழுக்கையும் இல்லையென்றால், முயல் பார்ப்பதற்கு எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், அதை அவசர நிலையாகவே கொள்ள வேண்டும். காட்டில் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் அது வலியை வெளிக்காட்டாது. மூலையில் கூனிக் குறுகி, கண்களைப் பாதி மூடி, பற்களை நறநறவென்று கடித்தபடி உட்கார்ந்திருக்கும் முயல் ஓய்வெடுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

மைலோவைப் பொறுத்தவரை குடல் நின்றது விளைவுதான். காரணம் வாயில் இருக்கிறது என்றே உங்கள் கடிதம் காட்டுகிறது. முயலுக்கு 28 பற்கள் உண்டு. அத்தனையும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் மட்டும் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. புல்லையும் உலர்புல்லையும் நாள் முழுவதும் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போதுதான் கடைவாய்ப் பற்கள் சீராகத் தேயும். கடையில் விற்கும் தீவனக் குருணையையும் காரட்டையும் நம்பி வளரும் முயலுக்கு அந்தத் தேய்மானம் போதுவதில்லை. அப்போது கீழ்வரிசைப் பற்களில் எழும் கூர்முனைகள் நாக்கையும், மேல்வரிசையில் எழுபவை கன்னத்தின் உட்புறத்தையும் கிழிக்கின்றன. வேர்ப்பகுதியும் தாடை எலும்புக்குள் நீண்டு, கிருமி புகுந்து சீழ் பிடிக்க வழி செய்கிறது. முதல் முறை ஊசியும் ஊட்டலும் குடலை மீட்டன, ஆனால் வாய்க்குள் இருந்த வலி அப்படியே இருந்தது. அதனால்தான் முயல் திரும்பவும் உணவை விட்டது. பல்லைக் கவனிக்காமல் குடலுக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் இது மூன்றாம் முறையும் நிகழும்.

மயக்க மருந்து பற்றிய அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பிரிட்டனில் பல கிளினிக்குகளின் பதிவுகளைத் திரட்டி 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, மயக்க மருந்தையொட்டிய இறப்பு நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24 விழுக்காடு, முயல்களில் 1.39 விழுக்காடு என்று கண்டது. அதே ஆய்வில் நலமாக இருந்த முயல்களில் இது 0.73 விழுக்காடாகவும், நோயுற்ற முயல்களில் 7.37 விழுக்காடாகவும் இருந்தது. கடைசி இரண்டு எண்களைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பட்டினி கிடந்து, நீர்வற்றி, உடல் குளிர்ந்துபோன முயலை உடனே மேசையில் கிடத்துவதற்கும், ஓரிரு நாள் திரவமும் வலிநிவாரணியும் உணவும் கொடுத்துத் தேற்றியபின் கிடத்துவதற்கும் இடையே அவ்வளவு தொலைவு இருக்கிறது. ஆகவே சிகிச்சையைச் சற்றே தள்ளிவைத்து முதலில் தேற்றச் சொல்லும் மருத்துவர் காலம் கடத்தவில்லை, தொழில் தெரிந்தவர்.

அத்தகையவரை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் நாட்டில் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் யாவரும் சட்டப்படி முயலைப் பார்க்கலாம். எல்லோருக்கும் பழக்கம் இருக்காது. தொலைபேசியிலேயே இரண்டு கேள்விகள் கேளுங்கள். வாரத்தில் எத்தனை முயல்களைப் பார்க்கிறீர்கள் என்பது முதலாவது. அறுவைக்கு முந்தைய இரவு முயலைப் பட்டினி போட வேண்டுமா என்பது இரண்டாவது. நாய்க்கும் பூனைக்கும் சொல்வதுபோல ஆமாம் என்ற பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறிடம் தேடுங்கள், ஏனெனில் வாந்தி எடுக்காத பிராணிக்கு அந்தப் பட்டினி தேவையில்லை, தீங்கும் கூட. தலைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பல்வேர்களை ஆராய வேண்டிய மைலோ போன்ற முயலுக்கு, செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை ஒரு நல்ல வாய்ப்பு. உங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதமும் இதுவரை எடுத்த எக்ஸ்ரே படங்களும் வாங்கிக்கொண்டு, முன்பதிவு செய்துவிட்டுச் செல்லுங்கள். முயலுக்கு வியர்க்காது என்பதால் நண்பகல் வெயிலில் கூண்டோடு காத்திருக்க வேண்டாம். காலையிலேயே குளிரூட்டிய வாகனத்தில், உண்டாலும் உண்ணாவிட்டாலும் கொஞ்சம் உலர்புல்லோடு கொண்டு செல்லுங்கள்.

அதுவரை ஊட்டுவதை நிறுத்தாதீர்கள். கிரிட்டிக்கல் கேர் என்ற பெயரில் விற்கும் மீட்பு மாவு கிடைத்தால் நல்லது. நள்ளிரவில் கிடைக்காவிட்டால் அது வழக்கமாகத் தின்னும் குருணையை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கினால் போதும். நம் வீடுகளில் பாசத்தோடு கரைத்துக் கொடுக்கும் அரிசிக் கஞ்சி, பால், ரொட்டி, வாழைப்பழம் ஆகியவை மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தவை. நின்றுபோன குடலில் அவை கெட்ட கிருமிகளுக்கே விருந்தாகும். முயலை மல்லாத்தாமல், துண்டில் சுற்றி நான்கு காலில் உட்கார்ந்த நிலையில் வைத்து, முன்பற்களுக்குப் பின்னாலுள்ள இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் சிரிஞ்சைச் செருகி, சிறிது சிறிதாக, ஒவ்வொரு வாயையும் அது மென்று விழுங்கியபின் அடுத்ததைக் கொடுங்கள். ஒரு நாளின் மொத்த அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் வயிறு திடீரென்று பந்துபோல் உப்பி இறுகி, காதுகள் சில்லிட்டு, முயல் துவண்டுபோனால் ஊட்டவே கூடாது. அது குடல் அடைப்பாக இருக்கக்கூடும். எக்ஸ்ரேயும் இரத்தச் சர்க்கரைச் சோதனையும் செய்து பார்க்கும் இடத்துக்கு அந்த நேரமே ஓட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நோயால் இறக்க வேண்டியிராத முயல்கள் இதனால் இறப்பதுண்டு. வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமோக்சிசிலின் சிரப்பை வாய்வழியாகக் கொடுத்தால், குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக் கிருமிகள் பெருகி, முயல் சில நாள்களில் மாண்டுவிடலாம். சீழ்க்கட்டிக்கு மருத்துவர் பெனிசிலினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவது வேறு. அது குடலைத் தொடாமல் இரத்தத்தில் சேர்வதால் பயன்படுத்தத் தக்கதே. நாய்க்கு உண்ணி நீக்கப் பிடரியில் விடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது.

உங்கள் மாமியார் கேட்டதில் தவறில்லை. குடும்பச் செலவை அறிந்தவர் அப்படித்தான் கேட்பார். அவரிடம் சொல்ல வேண்டியது என்னவென்றால், முயலை வாங்கிய விலைக்கும் அதன் நோய்க்கும் தொடர்பில்லை. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவர் மீது சுமத்தும் கடமைகளில், பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பதும் ஒன்று. அதற்காகக் கடன்பட வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எவ்வளவு செலவிட முடியும் என்பதை வெட்கப்படாமல் முதலிலேயே மருத்துவரிடம் கூறி, மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். வலிநிவாரணியும் திரவமும் ஊட்டலும் முதல் தேவைகள். அடுத்தது தலை எக்ஸ்ரே. வீக்கம் வெறும் பல்வேர் நீட்சி என்றால், பற்களைச் சீராக்கி, உணவை மாற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை வாயைச் சோதித்துவந்தால் மைலோ பல ஆண்டுகள் நன்றாக வாழலாம். வீட்டில் வளரும் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. சீழ்க்கட்டி என்றால் கதை நீளும். முயலின் சீழ் தயிர்க்கட்டிபோல் கெட்டியானது, கீறிவிட்டால் வடியாது. கட்டியை அதன் உறையோடும், கெட்டுப்போன பல்லோடும் அகற்ற வேண்டும், வாரக்கணக்கில் புண்ணைக் கழுவ வேண்டும், அப்படியும் திரும்ப வரலாம். எலும்பு பெரிதும் அரிக்கப்பட்டு, மருந்து கொடுத்தும் வலி அடங்காமல், தானாக ஒரு வாய்கூட உண்ண முடியாத நிலை வந்தால், கருணைக் கொலையைப் பற்றி மருத்துவரே பேச்செடுப்பார். அவர் எடுக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மகளை அந்தப் பேச்சிலிருந்து விலக்கிவைத்து, முயல் எங்கோ போய்விட்டது என்று பின்னால் கதை சொல்வதை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: என் நான்கு வயதுப் பெண் முயலின் சிறுநீர் சில நாள்களாகச் சிவப்பாக இருக்கிறது. நன்றாக உண்கிறது, ஓடியாடுகிறது. பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகர், செராஸ், கோலாலம்பூர்

பதில்: சில கீரைகளிலுள்ள நிறமிகளால் முயலின் சிறுநீர் ஆரஞ்சு முதல் அடர் சிவப்பு வரை மாறுவதுண்டு, அதில் ஆபத்தில்லை. இரத்தம்தானா என்பதைக் கிளினிக்கில் சிறுநீர்த் தாள் ஒன்றை நனைத்தே சொல்லிவிடலாம். கருப்பை நீக்காத பெண் முயல் என்றால் அந்தச் சோதனையை இந்த வாரமே செய்யுங்கள். நான்கு வயதைக் கடந்த பெண் முயல்களில் கருப்பைப் புற்று 50 முதல் 80 விழுக்காடு வரை காணப்படுவதாகச் சில இனங்களை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்துள்ளார்கள். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரே எடுத்து, பரவவில்லையென்றால் கருப்பையை அகற்றிவிட்டால் பெரும்பாலும் முழுக் குணம் கிடைக்கும். புதிதாகப் பெண் முயல் வாங்குவோர் ஆறு மாத வயதையொட்டி இந்த அறுவையைச் செய்துவிடுவது நல்லது.

கேள்வி: ஐயா, எங்கள் முயலின் தலை ஒரே இரவில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நிற்க முயன்றால் உருள்கிறது. பக்கவாதம், இனிப் பிழைக்காது என்கிறார்கள். செர்டாங்குக்குக் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: தம்பி, பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும் இந்த நோயிலிருந்து மீண்ட முயல்கள் பல உண்டு. தலைசாய்வுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: நடுக்காதிலோ உட்காதிலோ ஏற்படும் கிருமித்தொற்று ஒன்று; மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்செபலிட்டோசூன் குனிகுலை என்ற நுண்ணுயிர் மற்றொன்று. தொங்கு காது இனங்களில் காது நோய் அதிகம் என்பதால் உங்கள் முயல் எந்த இனம் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தச் சோதனை அந்த நுண்ணுயிர் எப்போதோ உடலில் புகுந்ததைக் காட்டுமே தவிர, இன்றைய நோய்க்கு அதுவே காரணம் என்று உறுதி செய்யாது. நலமான முயல்களிலும் அதற்கான எதிர்ப்புப் பொருள் காணப்படும். அதனால் மருத்துவர்கள் பெரும்பாலும் காதை ஆராய்ந்துவிட்டு, ஃபென்பென்டசோல் மருந்தை 28 நாள்கள் கொடுப்பார்கள். நடுவில் தேறிவிட்டதென்று நிறுத்தக் கூடாது.

உருளும் முயலை இப்போது அவ்வளவு நீண்ட சாலைப் பயணத்துக்கு உட்படுத்துவதை நான் விரும்பவில்லை. தீவிலேயே முயல் பார்க்கும் மருத்துவரிடம் சேர்த்துவிட்டு, தேவைப்பட்டால் அவர் செர்டாங்கிலுள்ளவர்களிடம் ஆலோசனை கேட்கட்டும். வீட்டில் கூண்டின் நான்கு பக்கமும் சுருட்டிய துண்டுகளை அண்டக் கொடுத்து, உருள இடமில்லாதபடி சிறிய படுக்கை அமையுங்கள். தண்ணீர்ப் புட்டிக்குப் பதில் தாழ்வான கிண்ணம் வையுங்கள். கொத்தமல்லி, புதினாத் தழைகளைக் கையில் பிடித்து வாயருகே நீட்டுங்கள். கீழ்ப்பக்கம் படும் கண் உலர்ந்து புண்ணாகாமலிருக்க மருத்துவரிடம் சொட்டு மருந்து கேளுங்கள். தலை முழுவதும் நிமிராமலே போகலாம். சாய்ந்த தலையோடு உண்டு, தாவி, பல ஆண்டுகள் வாழும் முயல்கள் உண்டு. அந்த நுண்ணுயிர் சிறுநீர் வழியாகப் பரவும் என்பதால், வீட்டில் வேறு முயல் இருந்தால் பிரித்து வையுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் போன்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டாம், மற்றவர்கள் செய்தபின் சோப்பிட்டுக் கை கழுவட்டும்.