பலர் முன்னால் ஏசும் மேலாளர்: துபாயிலிருந்து ஒரு பதில்

அம்பாசமுத்திரத்திலிருந்து துபாய்க்கு வந்து நான்கு மாதமாகும் தம்பி ஒருவர், அறை வாடகை, ஓட்டுநர் உரிமம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "உனக்கெல்லாம் யார் டிகிரி கொடுத்தது என்று மேலாளர் எல்லார் முன்னிலையிலும் ஏசுகிறார்; திருப்பிக் கேட்கலாமா, வேலையை விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். மற்றவற்றை அறையில் உடன் தங்கியிருப்பவர்களே சொல்லிவிடுவார்கள் என்பதால் கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

தம்பி, கூட்டத்தில் வைத்துத் திருப்பிக் கேட்காதீர்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு ரோஷம் சற்று அதிகம்தான். ஆனால் பத்துப் பேர் முன்னால் பதிலுக்குப் பதில் பேசினால், அவர் பேசியது மறைந்து நீங்கள் பேசியது மட்டுமே மனிதவளத் துறைக்குப் போய்ச் சேரும். அன்று மாலைக்குள் அவரைத் தனியாகப் பார்த்து, வேலையில் குறை இருந்தால் திருத்திக்கொள்வதாகவும், பலர் நடுவே படிப்பை இழுத்துப் பேசுவதை ஏற்க முடியாது என்றும் குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். பேசியதைச் சுருக்கமாக அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

சாட்சிக்கு வேண்டுமென்று கைபேசியில் ரகசியமாகப் பதிவு செய்துவிடாதீர்கள். ஒருவர் சம்மதமின்றி அவர் பேச்சைப் பதிவு செய்வது இந்நாட்டில் குற்றம். ஆத்திரத்தில் வாட்ஸ்அப்பில் அவரைத் திட்டுவதும் குற்றமே. இந்த இரண்டிலும் சிக்கி, நியாயம் தம் பக்கம் இருந்தும் காவல் நிலையப் படியேறிய நம்மவர்களை நான் அறிவேன்.

நான் வந்த காலத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. துபாயின் தேரா பகுதியில் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் படுத்திருந்தோம். எனக்கு வாய்த்த மேலாளர் பாளையங்கோட்டைக்காரர். மலையாளிகளும் பிலிப்பினோக்களும் அமர்ந்திருக்கும் கூடத்தில் என்னை மட்டும் 'லே' என்று கூப்பிட்டுத் தமிழிலேயே ஏசுவார். மொழி புரியாதவர்களுக்கும் தொனி புரிந்தது. ஒருநாள் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, மேலே சொன்னதைத்தான் சொன்னேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஆனால் அதன்பின் ஏச்சு அறைக்குள்ளேயே நின்றுகொண்டது, அது எனக்குப் போதுமாக இருந்தது. வெள்ளைக்காரர், அரபி, வடநாட்டார் எனப் பலரிடம் பின்னர் வேலை பார்த்தும், சொந்த ஊர்க்காரரைப் போல் உரிமையோடு அவமதித்தவரை நான் பார்க்கவில்லை. "நாங்கள் படாததா" என்று இதற்கு வக்காலத்து வாங்கும் பழைய ஆட்களின் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், மேலதிகாரி வாய்மொழியாகவோ மனரீதியாகவோ வன்முறை செய்வதைத் தடை செய்கிறது. நிறுவனத்துக்குள் தீராவிட்டால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யலாம். டிஐஎஃப்சி (துபாய் சர்வதேச நிதி மையம்) போன்ற நிதி மண்டலங்களுக்குச் சட்டம் வேறு என்பதால் உங்கள் ஒப்பந்தத்தை முதலில் பாருங்கள்.

நான்கு மாதம்தான் என்றால் நீங்கள் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கக்கூடும்; அது 6 மாதம் வரை போகலாம், அதற்குள் 14 நாள் அறிவிப்பில் உங்களை அனுப்பிவிடவும் அவர்களால் முடியும். இங்கேயே வேறு நிறுவனத்துக்கு மாறுவதானால் நீங்கள் ஒரு மாத அறிவிப்பு தரவேண்டும். ஆகவே புது வேலைக்கான கடிதம் கையில் வந்த பிறகே விலகல் கடிதம் எழுதுங்கள்.