விருப்ப ஓய்வுத் தாளில் ‘மொத்தம்’ என்று இருப்பதை நம்பாதீர்கள்

கேள்வி: மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் 27 வருடமாக வேலை செய்கிறேன். வயது 52. தனியாருக்கு விற்கப் போவதால் விருப்ப ஓய்வு அறிவித்திருக்கிறார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 60,000 ரூபாய். எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். தாளில் உள்ள மொத்தத் தொகையில் பணிக்கொடை, பி.எஃப்., விடுப்புச் சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்திருப்பார்கள். அவை 60 வயதில் ஓய்வு பெற்றாலும் வருகிற பணம். இழப்பீடு எவ்வளவு என்று மட்டும் தனியே பாருங்கள்.

இழப்பீட்டைக் கணக்கிடும் வழிகளில் ஒன்றான குஜராத் முறை என்றால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள், ஓய்வு வயதுக்கு மீதமுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம். உங்களுக்கு 945 + 200 = 1,145 நாள். மாதத்துக்கு 30 நாள் கணக்கில் நாளுக்கு 2,000, ஆக 22.90 லட்சம். அதே 8 வருடம் வேலையில் இருந்தால், ஊதிய உயர்வே வராவிட்டாலும் 57.60 லட்சம். மிச்சமுள்ள காலச் சம்பளத்தை இழப்பீடு தாண்டக் கூடாது என்ற வரம்பு வேறு உண்டு. உங்களுக்கு அதனால் பாதிப்பில்லை. இதே சம்பளத்தில் 33 வருடம் முடித்த 58 வயதுக்காரருக்குத்தான் 24.10 லட்சம் 14.40 லட்சமாகச் சுருங்கும்.

வரிவிலக்கு 5 லட்சம் வரைதான், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. மீதி அந்த வருட வருமானத்தோடு சேரும்.

பிஎஸ்என்எல்லில் 78,000 பேருக்கு மேல் 2020 ஜனவரியில் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறினார்களே என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து வந்தவர்கள்; அவர்களுக்கு அரசு ஓய்வூதியம் இருந்தது. உங்களுக்கு பி.எஃப். ஓய்வூதியம் மட்டும்தான் என்றால், ஓய்வூதியக் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு இருப்பதால் மாதம் 6,000 வருவதே பெரிது. 58-க்கு முன்பே வாங்கினால் வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டும் உண்டு.

விற்பனைக்கு முன் ஆள் குறைந்திருந்தால் வாங்குபவருக்குச் சுமை குறையும்; அதற்காகத்தான் இவ்வளவு அவசரம். அந்தச் சுமையைத் தொழிலாளி தலையில் வைப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஏர் இந்தியாவை 2022-ல் கைமாற்றியபோது, முதல் வருடம் ஆட்குறைப்பு கூடாது, இரண்டாம் வருடம் குறைத்தால் விருப்ப ஓய்வு தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். உங்கள் நிறுவன விற்பனையில் அப்படி ஏதாவது உண்டா என்று தொழிற்சங்கம் மூலம் எழுத்தில் கேளுங்கள். ஓய்வுக்குப் பின் மருத்துவ வசதி தொடருமா, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறக் கடைசி நாள் எது என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.